சாமத்தில் நின்றுபோன சேலைன்

கேள்வி: டொக்டர் ஐயா, நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். ஜூலி என்று ஒரு பெட்டைக்குட்டி வளர்த்தோம். ஐந்து மாதம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டு, தின்னாமல் போய் மாமரத்தடியில் படுத்துக்கொண்டது. எட்டாம் ஆண்டு படிக்கிற மகள் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுவோம் என்றாள். நாளைக்குப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். சனி விடிய வாந்தி. மத்தியானம் இரத்தமாக வயிற்றோட்டம். அரச கந்தோர் பூட்டு. ஓட்டோ பிடித்துப் பக்கத்து ரவுணில் ஒரு தனியார் மிருக வைத்தியரிடம் போனோம். அவர் ஊசிகள் போட்டு, கால் நரம்பில் கனுலா என்கிற சின்னக் குழாயை ஏற்றி, சேலைன் போத்தலோடு வீட்டுக்கு அனுப்பி, ஞாயிறு காலை திரும்ப வரச் சொன்னார். இரவு ஒன்பது மணிபோல் சேலைன் நின்றுவிட்டது. அவருக்குப் பன்னிரண்டு தரம் போன் எடுத்தேன், பதில் இல்லை. மாமி கொத்தமல்லித் தண்ணியும் கஞ்சியும் பருக்கிப் பார்த்தா. விடியப்புறம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முந்தி மகளின் மடியிலேயே போய்விட்டது. ஊசி போட்ட நாய்க்கு இந்த வருத்தம் எப்படி வந்தது? கஞ்சிதான் கொன்றதா? வெள்ளிக்கிழமையே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்குமா? கொழும்பில் இரவிரவாகத் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலைகள் இருக்கின்றனவாம், வன்னியில் ஏன் ஒன்றுகூட இல்லை? மகள் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. இன்னொரு குட்டி எடுக்கலாமா? மிச்சச் சேலைன் போத்தலும் ஜூலியின் சங்கிலியும் இன்னும் விறாந்தையில் கிடக்கின்றன, அவற்றை என்ன செய்வது? எத்தனையோ மனிதரைப் பறிகொடுத்த இடத்தில் இருந்துகொண்டு ஒரு நாய்க்காகக் கடிதம் எழுதுவது வெட்கமாகவும் இருக்கிறது.

ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்:

தங்கச்சி, கடைசி வரியில் இருந்து தொடங்குகிறேன்.

2010 இல், யுத்தம் முடிந்து சனங்கள் திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த காலம். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு பெரியவர், காட்டில் கட்டாக்காலியாக நின்ற தன் பசுவைக் குறிசுட்ட அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருந்தார். சில மாதம் கழித்து அது கன்று போட முடியாமல் செத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. மனிதர் பட்டிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இரண்டு பிள்ளைகளை இழந்தவர் அவர் என்பது எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டு, "அப்ப ஓடிக்கொண்டெல்லோ இருந்தனாங்கள் டொக்டர், அழ நேரம் கிடைக்கேல்லை" என்றார். யார் எந்த உயிருக்கு அழுதாலும் அதன் பிறகு நான் கணக்குக் கேட்பதில்லை. நீங்கள் எழுதியது நல்லது. உங்களைப் போலப் பலர் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை.

முதலில் ஊசி விஷயம். ஜூலிக்கு என்ன ஊசி போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஊகிக்க முடிகிறது. சனசமூக நிலையத்திலோ பள்ளிக்கூட வளவிலோ ஒலிபெருக்கியில் அறிவித்து இலவசமாகப் போட்டு, ஒரு அட்டையும் தருவார்களே, அதுதானே? அது விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி. கட்டாயம் போட வேண்டியது, நீங்கள் போட்டதும் சரி. ஆனால் அது அந்த ஒரு நோயைத்தான் தடுக்கும். ஜூலிக்கு வந்தது, நீங்கள் சொல்கிற குறிகளைப் பார்த்தால், பார்வோ வைரஸ். அதற்கு வேறு தடுப்பூசி. டிஸ்டெம்பர் முதலான நோய்களோடு சேர்த்து ஒரே ஊசியாக வரும். காசு கொடுத்துத்தான் போட வேண்டும். குட்டிக்கு ஆறு தொடக்கம் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருதரமாகப் பதினாறு கிழமை தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஏன் திரும்பத் திரும்ப என்றால், தாயிடம் இருந்து பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது ஊசியையும் வேலை செய்ய விடாது. அது எந்தக் கிழமையில் தீரும் என்று ஒருவருக்கும் தெரியாது, குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவே இடைவெளி விட்டுப் பல தரம்.

"ஊசி போட்ட நாய்" என்ற சொல்லை நான் கிழமைக்கு நாலு தரமாவது கேட்கிறேன். எந்த ஊசி என்று கேட்டால் முழிப்பார்கள். இதில் பிழை உங்களுடையது இல்லை. அட்டையைக் கையில் கொடுக்கும்போது "இது விசருக்கு மட்டும்தான், மற்றதையும் போடுங்கோ" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நாங்கள் சொல்வதில்லை. வரிசையில் இன்னும் அறுபது நாய் குரைத்துக்கொண்டு நிற்கும், அதுதான் எங்கள் சாட்டு.

இனி, வெள்ளிக்கிழமையே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்குமா? உங்கள் மனம் ஆற வேண்டும் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். வாய்ப்புக் கூடியிருக்கும். பார்வோவில் நேரம் பெரிய விஷயம். இந்த வைரஸ் 1970களின் கடைசியில்தான் உலகத்தில் தலைகாட்டியது. குடலின் உள்பக்கத்தில் புதுத்தோல் முளைக்கிற இடத்தையும், எலும்பு மச்சையில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் உண்டாகிற இடத்தையும் ஒரே நேரத்தில் அடிக்கும். குடல் புண்ணாகிக் கிருமி இரத்தத்துக்குள் போகும். அதை எதிர்க்க வேண்டிய வெள்ளணுவும் இருக்காது. வாந்தியிலும் வயிற்றோட்டத்திலும் தண்ணீரும் உப்பும் கொட்டுண்டு போகும். வைத்தியம் ஒன்றும் செய்யாமல் விட்டால் பத்துக் குட்டியில் ஒன்பது செத்துப்போகலாம். வைரஸைக் கொல்கிற மருந்து என்று நாங்கள் ஒன்றும் கொடுப்பதில்லை. குட்டியின் உடம்பு தானாக எழும்பும்வரை, மூன்று நாலு நாளைக்கு, அதைத் தண்ணீர் வற்றாமல், குளிராமல், சீனி இறங்காமல், கிருமி ஏறாமல் பிடித்து வைத்திருப்பதுதான் முழு வைத்தியமும். அந்த நாலு நாளைக் கடந்த குட்டி பெரும்பாலும் பிழைக்கும்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலை நீங்கள் கண்டது என்ன? ஒரு நேரச் சாப்பாட்டைத் தின்னாத குட்டி. அதற்காக யாரும் ஓட்டோ பிடித்து ஓடுவதில்லை. என் வீட்டு நாய் ஒரு நேரம் சாப்பிடாவிட்டால் நானும் நாளைக்குப் பார்ப்போம் என்றுதான் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன். வாந்தி தொடங்கிய அன்றைக்கே நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள். எனக்கு வருகிற பார்வோக் குட்டிகளில் பாதிக்கு மேல் மூன்றாம் நாள்தான் சாக்கில் போட்டுக் கொண்டுவரப்படுகின்றன. தோட்டத்து மருந்தும் பத்தியமும் எல்லாம் பார்த்து முடிந்த பிறகு.

எனவே என் யோசனை வெள்ளிக்கிழமையில் நிற்கவில்லை, சனி இரவு ஒன்பது மணியில் நிற்கிறது. "சேலைன் நின்றுவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன்.

அது ஏன் நின்றிருக்கும் என்று சொல்கிறேன், கேளுங்கள். கனுலா முன்னங்காலில் ஏற்றியிருப்பார்கள். வருத்தமான குட்டி சுருண்டுதான் படுக்கும். சுருண்டால் முன்னங்கால் மடியும். மடிந்தால் குழாய் மடங்கும், சொட்டு நிற்கும். பத்துக்கு ஏழு தரம் காரணம் இதுதான். காலை மெல்ல நீட்டிப் பிடித்தால் சொட்டுத் திரும்ப விழத் தொடங்கும். மடிந்தபடியே அரை மணித்தியாலம் கிடந்தால் கனுலாவின் நுனியில் இரத்தம் உறைந்துவிடும். அப்புறம் நீட்டினாலும் ஓடாது. அதற்கு ஒரு சிறு சிரிஞ்சில் சுத்தமான சேலைன் எடுத்து மெதுவாகத் தள்ளிப் பார்க்க வேண்டும், அதுவும் எப்படித் தள்ளுவது என்று முன்கூட்டிக் காட்டியிருந்தால்தான். 500 மில்லிலீற்றர் போத்தல் இரவு முழுக்க, பன்னிரண்டு மணித்தியாலம் ஓட வேண்டுமென்றால், சாதாரணக் குழாயில் நாலு செக்கனுக்கு ஒரு சொட்டு விழ வேண்டும். இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போத்தலைச் சன்னல் கம்பியிலோ கொடிக்கயிற்றிலோ தூக்கிவிட்டு, அது ஓடும் என்று நம்பிக்கொண்டு பக்கத்தில் இருந்திருப்பீர்கள்.

இரவிரவாகத் திறந்திருக்கிற வைத்தியசாலையில் என்ன நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்? பேராதனையில் படிக்கிற காலத்தில் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையில் இரவுகளை நான் கழித்திருக்கிறேன். பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை, தங்கச்சி. யாரோ ஒருவர் முழிப்பாக இருப்பார், அவ்வளவுதான். மணிக்கொருதரம் வந்து காலை நீட்டிவிடுவார். சொட்டை எண்ணுவார். ஊத்தையான துணியை எடுத்துவிட்டு உலர்ந்தது போடுவார். உடம்புச் சூட்டைப் பார்ப்பார். காது நுனி குளிர்ந்தால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி வயிற்றோடு வைப்பார். ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சீனி பார்ப்பார், குறைந்தால் சேலைனில் குளுக்கோஸ் சேர்ப்பார். உண்மையாகவே நிலைமை மாறினால் மட்டும் மேல்மாடியில் தூங்குகிற டொக்டரை எழுப்புவார். இவற்றில் பாதி வேலையை உங்கள் மகள் செய்திருப்பாள். யாராவது காட்டிக் கொடுத்திருந்தால்.

இது வெறும் ஆறுதல் கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கொலராடோ அரச பல்கலைக்கழகத்தில் பார்வோ வந்த 40 நாய்களை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள், 2017 இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 20 நாய்க்கு வைத்தியசாலை முறை, நரம்பில் விடாமல் சேலைன். மற்ற 20 நாய்க்கு முதலில் நரம்பில் சேலைன் கொடுத்து ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய அளவு வைத்தியம் மட்டும்: தோலுக்கடியில் நாளுக்குப் பல தரம் சேலைன், நாளுக்கு ஒருதரம் வாந்தியை நிறுத்துகிற ஊசி, ஒருதரம் போட்டால் பல நாள் நிற்கிற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி, வெப்பமாக வைத்திருத்தல். முதல் பிரிவில் 18 பிழைத்தன. இரண்டாவதில் 16. அந்த இரண்டாவது பிரிவையும் பயிற்சி உள்ள கைகள்தான் பார்த்தன, அதையும் சொல்ல வேண்டும். என்றாலும் இருபதில் பதினாறு! தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவது கடினமில்லை. பிடரியில் தளர்ந்த தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகுவது, அவ்வளவுதான். ஒரு பந்துபோல வீங்கும், சில மணித்தியாலத்தில் வற்றிவிடும். கால் மடிந்தால் நிற்கிற பிரச்சினை இதில் இல்லை. ஒரு குட்டியின் இரத்த ஓட்டமே விழுந்துபோன நிலையில் இது உதவாது, அப்போது நரம்புதான் வேண்டும். ஆனால் பகலில் நரம்பில் ஏற்றி, இரவுக்குத் தோலுக்கடியில் என்று பிரித்தால், வைத்தியசாலை இல்லாத இடத்திலும் இரவைக் கடக்கலாம்.

நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். இப்போது என்று சொல்வதைக் கவனியுங்கள். முந்தி நானும் கனுலாவோடு வீட்டுக்கு அனுப்பி, "பார்த்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். எதைப் பார்ப்பது என்று சொன்னதில்லை. இரவை உங்கள் தலையில் வைத்துவிட்டுப் போகிற நாங்கள், அதைத் தாங்குகிற வித்தையை ஐந்து நிமிடம் காட்டித் தருவதில்லை. ஜூலியின் சாவில் யாருக்காவது பங்கு இருக்கிறதென்றால், உங்கள் வெள்ளிக்கிழமையைவிட எங்கள் அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் கூடப் பங்கு.

போனை எடுக்காத அந்த வைத்தியரைப் பற்றி. எனக்கு அவரைத் தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டேன். என்னைப் பற்றி எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாரிகால இரவில் போனைச் சத்தம் இல்லாமல் போட்டுவிட்டுப் படுத்தேன். அன்றைக்குப் பகல் முழுக்க மோட்டார் சைக்கிளில் அலைந்து மாடுகளுக்குக் கால்-வாய் நோய் ஊசி போட்டிருந்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் ஒரே இலக்கத்தில் இருந்து பத்தொன்பது அழைப்பு. கன்று போட்ட பசு, கருப்பை முழுக்க வெளியே தள்ளிவிட்டது. ஈரத் துணியால் சுற்றி, நிலத்தில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தால் காலைவரை தாக்குப்பிடித்திருக்கக்கூடும். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்கு நான் முழிப்பாக இருக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் என்னைக் கண்டால் சிரித்துக் கதைப்பார், எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

சரி, வன்னியில் ஏன் இல்லை என்ற கேள்வி. கொழும்பில் இருக்கிறது, உண்மை. ஒட்டுசுட்டானில் இருந்து அது முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், ஜூலி கிடந்த நிலையில் வவுனியாவைத் தாண்டியிருக்காது. இங்கே ஏன் இல்லை என்றால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். ஒருவர் நாற்பது மணித்தியாலம் வேலை செய்தால், ஒரே ஒரு கதிரையில் எந்நேரமும் ஒரு வைத்தியர் இருக்க நாலு பேர் போதாது. லீவு, வருத்தம் எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர் வேண்டும். எங்கள் பக்கம் ஒரு பிரதேச செயலர் பிரிவுக்கு ஒரு அரச கால்நடை வைத்தியர். அவரும் சில வேளை பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்ப்பார். அவருடைய வேலை மாடு, ஆடு, கோழி, சினைப்படுத்தல், தடுப்பூசி, அறிக்கை. நாய் பூனை கடைசி வரிசையில்தான் நிற்கும். நாட்டில் மிருக வைத்தியப் பட்டம் தருவது பேராதனைப் பீடம். அங்கே படித்து வெளியே வருகிற பிள்ளைகளில் எத்தனை பேர் வன்னிக்கு வர விரும்புவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, இரவில் ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பாருங்கள். எங்கே யானை நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

அதற்காக இரவு வைத்தியம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் வேண்டும். நாய்க்கு மட்டுமில்லை. 2022 டிசம்பரில் திடீரென்று குளிர் விழுந்து வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் செத்தனவே, நினைவிருக்கும். மழையில் நனைந்து, வெளிப் பட்டியில் நின்ற மாடுகள். அந்த இரவு என் போன் ஓயவில்லை. என்னால் ஒரு பட்டிக்கும் போக முடியவில்லை. ஆனால் போனில் சொல்ல முடிந்தது: உடம்பைத் துடையுங்கள், சாக்கைப் போடுங்கள், காற்று வருகிற பக்கம் தறப்பாளைக் கட்டுங்கள், நெருப்பு மூட்டுங்கள், கன்றுகளை வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவாருங்கள். சொன்னதைச் செய்த சில பேரின் மாடுகள் நின்றன, சில பேருடையது அப்படியும் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, இங்கே முதலில் வேண்டியது கட்டடம் இல்லை, சாமத்தில் எடுக்கப்படுகிற ஒரு போன். மனிதருக்கு 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் அம்புலன்ஸ் வருகிறது, 2018 இல் அது வடக்குக்கும் வந்தது. கால்நடைக்கு அம்புலன்ஸ் கேட்கவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு, மாந்தை கிழக்கு என்று இருக்கிற வைத்தியர்கள், அரசோ தனியாரோ, முறை வைத்து ஆளுக்கு ஒரு இரவு ஒரே இலக்கத்தைத் தூக்கிக்கொண்டு படுத்தால் போதும். எட்டுப் பேர் சேர்ந்தால் எட்டு நாளைக்கு ஒருதரம்தான் நித்திரை கெடும். நேரில் பார்த்தே ஆக வேண்டியதை ஒரு இடத்துக்குக் கொண்டுவரச் செய்யலாம். ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற மாங்குளம்தான் எல்லாருக்கும் நடு.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த இரவு முறைக்குக் காசு வேண்டும். சாமத்தில் எழுப்பிவிட்டு, வேலை முடிய "உங்களுக்குத் தெரியாததே டொக்டர்" என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அனுப்பினால், மூன்றாம் மாதம் அந்தப் போன் திரும்பச் சத்தமில்லாமல் போய்விடும். கால்நடை வளர்ப்போர் சங்கங்கள் பால் காசில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் எண்ணம். இரண்டு கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். தலையாட்டினார்கள், தேத்தண்ணி தந்தார்கள்.

அந்த நாள் வரும்வரை, விடியும்வரை பொறுக்கக்கூடாத விஷயங்கள் எவை என்று தெரிந்து வைத்திருங்கள். கடுவன் பூனை மண்ணைக் கிளறிக் கிளறிக் குந்துகிறது, சலம் வரவில்லை என்றால் அன்றைக்கே. பாம்பு கடித்த நாய் உடனே, எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். பெட்டை நாய் அரை மணித்தியாலத்துக்கு மேல் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் உடனே. வலிப்பு நிற்காமல் வந்தாலும், வயலுக்கு அடிக்கிற மருந்தைத் தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலும் அப்படித்தான். மாட்டில் தண்ணீர்க்குடம் உடைந்து இரண்டு மணித்தியாலமாகியும் கன்றின் கால் தெரியவில்லை என்றால், கருப்பை வெளியே வந்தால், வயிறு இடப்பக்கம் மத்தளம் மாதிரி உப்பினால். மற்றபடி என்ன நடக்கிறது என்றே விளங்காத நேரத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். பெருவிரலால் அழுத்தி எடுங்கள், வெளிறிய இடம் இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். முரசு கடதாசிபோல வெளிறி, விரலை எடுத்தும் நிறம் திரும்பப் பிந்தினால், யாரையாவது எழுப்பத்தான் வேண்டும். அப்புறம் ஒன்று, எந்த அவசரத்திலும் பூனைக்குப் பனடோல் கொடுக்காதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொல்லும். நல்லது செய்ய நினைத்துக் கொடுத்துவிட்டு வந்த வீடுகள் எத்தனையோ.

கஞ்சிக்கு வருகிறேன். இந்தப் பந்தியை மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். கஞ்சி கொல்லவில்லை. ஒன்பது மணிக்குச் சேலைன் நின்று, வயிற்றோட்டம் நிற்காமல் போன குட்டி, நடுச்சாமத்தில் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் வாந்தி எடுக்கிற, தலை தூக்க மாட்டாத விலங்கின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. விழுங்கத் தெம்பில்லாத போது அது நுரையீரலுக்குள் இறங்கும். அந்த நேரம் செய்யக்கூடியது, விரலில் கொஞ்சம் சீனிப்பாகு தொட்டு முரசில் பூசிவிடுவது. மாமியிடம் இதை அடுத்த குட்டி வருகிற காலத்தில், வேறு கதையோடு கதையாகச் சொல்லுங்கள். அந்த மனிசியும் அந்த இரவு முழித்திருந்தவதானே.

மகளைப் பற்றி நான் சொல்வதை ஒரு மாட்டு வைத்தியன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் "அது ஒரு நாய்தானே, இன்னொன்று எடுப்போம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் சொன்னது சரி, வெள்ளிக்கிழமை போயிருக்கலாம், எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அவளிடம் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளிடம் நாங்கள் அப்படிச் சொல்வது குறைவு. அவள் சரியாகத்தான் கவனித்தாள். ஒரு நேரம் சாப்பிடாததையே கண்டுபிடித்த கண் அது. அந்தச் சேலைன் விஷயத்தையும் அவளுக்கு வாசித்துக் காட்டலாம், ஆனால் இப்போது வேண்டாம். காலை நீட்டிவிட்டிருந்தால் என்று அவள் தன்னையே போட்டு உருட்டிக்கொண்டிருப்பாள். கொஞ்சம் போகட்டும்.

இன்னொரு குட்டி உடனே வேண்டாம். பார்வோ வைரஸ் மண்ணில், நிழலான ஈரமான இடத்தில், ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். டெற்றோல், சவர்க்காரம், ஸ்பிரிட் ஒன்றுக்கும் அது சாகாது. கடையில் போத்தலில் விற்கிற பிளீச், அதில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, விறாந்தைச் சீமெந்தை முதலில் கழுவிவிட்டு அதன்மேல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். மாமரத்தடி மண்ணுக்குப் பிளீச் ஊற்றிப் பிரயோசனமில்லை. சருகைக் கூட்டி எரித்து, கிளையைக் கொஞ்சம் வெட்டி வெயில் விழ விடுங்கள். எங்கள் ஊர் வைகாசி வெயில் நல்ல மருந்து. ஒரு வருடம் பொறுக்க முடியாது என்றால், எல்லாத் தடுப்பூசியும் போட்டு முடித்த வளர்ந்த நாய் ஒன்றை எடுக்கலாம், குட்டி வேண்டாம். அக்கம்பக்கத்தில் குட்டிகள் இருந்தால் அந்த வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள், ஜூலி திரிந்த ஒழுங்கையில் அவையும் திரிந்திருக்கும். ஜூலியை எங்கே தாட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, கிணற்றடிக்குக் கிட்ட இல்லையென்றால் பிரச்சினை இல்லை.

சேலைன் போத்தலில் மிச்சம் இருப்பதை வாய்க்காலில் ஊற்றிவிடுங்கள். திறந்த சேலைனை வேறு எதற்கும் பாவிக்கக் கூடாது. ஊசியையும் கனுலாவையும் குப்பையில் போடாமல் ஒரு வெறும் யோகட் கோப்பையிலோ போத்தலிலோ போட்டு மூடி, அடுத்தமுறை வைத்தியரிடம் போகும்போது கொடுங்கள். சங்கிலியை எறிய வேண்டாம். இரும்புச் சங்கிலி என்றால் அதே பிளீச் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுங்கள். கறள் பிடிக்காமல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசி, மகள் கேட்டால் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.